செவிக்குள் ஒரு பறை



குழந்தையைக் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்று வந்திருந்தால், அவர் எழுதிக் கொடுத்த சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எங்கேனும் ஓரிடத்தில் 'டிம்பானிக் மெம்பரேன்' என்றோ, சுருக்கமாக 'டி.எம்.' என்றோ எழுதியிருக்கும். வயிற்று உபாதைக்காக மருத்துவமனையில் சேர்ந்தவரின் குறிப்பேட்டில் 'டிம்பனிட்டிக்' என்ற சொல் இருக்கக்கூடும். மேல்நாட்டுச் சேர்ந்திசைக் கச்சேரிக்குப் போனால் பின்வரிசையில் பெரிய செப்புக் கொப்பரைகள் போல நிற்கும் கொட்டுகளுக்கு 'டிம்பனி' என்று பெயர். மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். வகுப்பில் தமிழ்ச் சொற்களைவிட ஆங்கிலச் சொற்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதில் தவறில்லை, அவர்கள் வாழ்வது அந்தச் சொற்களோடுதான். அண்மையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 'டிம்பானிக்' என்ற பெயரடைக்குத் தமிழில் என்ன என்று கேட்டாள். கூடவே இன்னொரு கேள்வி: "பொங்கல் விழாவில் பேசிய மாமா, அது நம் 'தம்பட்டம்' என்ற சொல்லிலிருந்து போனதுன்னு சொன்னாரே, சார். ஸ்கூல் ப்ராஜெக்டில் எழுதலாமா?"

முதல் கேள்விக்கு அகராதி போதும். இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எழுத்தும் உச்சரிப்பும். டி-க்கு அடுத்து வருவது 'ஐ' அன்று, 'ஒய்'. ஆங்கிலச் சொல்லின் நடுவில் 'ஒய்' வந்து அது 'இ' என்று ஒலித்தால், பெரும்பாலும் அந்தச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது என்று கொள்ளலாம். சிஸ்டம், சிம்பல், சிம்ப்டம் எல்லாம் அப்படித்தான். கொட்டுக்குப் பெயரான டிம்பனியை மட்டும் 'ஐ' போட்டு எழுதுகிறார்கள். அது இத்தாலி வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது, வழியில் உடை மாற்றிக்கொண்டது. டிம்பானிக் என்பதில் அழுத்தம் நடு அசையில் விழும். டிம்பனிட்டிக் என்பதில் 'னிட்' என்ற அசையில் விழும். நம் பிள்ளைகள் முதல் அசையை அழுத்திச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நாம் வீட்டில் சொல்வது போலத்தானே அவர்களும் சொல்வார்கள்!

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. 'டிம்பானிக்' என்றால் கொட்டைச் சார்ந்தது, கொட்டைப் போன்றது. மருத்துவத்தில் காதின் அந்த மெல்லிய சவ்வைச் சார்ந்தது. 'டிம்பனிட்டிக்' என்பதோ ஒலியை மட்டும் குறிப்பது. உள்ளே காற்று அடைபட்ட ஓர் உறுப்பைத் தட்டினால் கொட்டு போல எழும் ஒலி அது.

இனி பிறப்பு. கிரேக்க மொழியில் 'டிம்பனான்' என்பது ஒரு பறை. வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டுவது. கிபெலே என்ற தாய்த் தெய்வத்தின் வழிபாட்டிலும், டயோனைசஸ் என்ற மதுத் தெய்வத்தின் ஆட்டங்களிலும் பெண்கள் இதை முழக்கினார்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸின் வரலாற்றிலும் யூரிப்பிடீஸின் நாடகத்திலும் இச்சொல் வருகிறது. அதே மொழியில் 'டிப்டெய்ன்' என்றால் அடித்தல். 'டிபோஸ்' என்றால் அடி, அடித்ததால் விழுந்த பதிவு. இந்த டிபோஸ்தான் ஆங்கிலத்தில் 'டைப்' ஆயிற்று. தட்டச்சுப் பொறியின் டைப்பும் காதின் டிம்பானிக்கும் பங்காளிகள் என்பது பெரும்பாலான அகராதிக்காரர்களின் முடிவு. எபிரேய மொழியின் 'தோஃப்' என்ற பறைப் பெயரோடு சேர்த்து, இது கிழக்கிலிருந்து கிரேக்கத்துக்குப் போன சொல்லோ என்று எண்ணுவோரும் உண்டு.

கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போய் 'டிம்பனும்' ஆயிற்று. அங்கிருந்து அது கிளைத்த விதம் வேடிக்கையானது. கோயில் வாசலின் மேல் உள்ள முக்கோணப் பரப்புக்கு டிம்பனும் என்றார்கள். பழைய அச்சுப்பொறியில் தாளைத் தாங்கும், தோல் இழுத்துக் கட்டிய சட்டத்துக்கும் அதே பெயர். பிரெஞ்சில் திரிந்து 'தேம்பர்' ஆனது. முதலில் கொட்டு, பிறகு மணி, பிறகு முத்திரை, கடைசியில் தபால் தலை! ஒலியின் நிறத்தைக் குறிக்க ஆங்கில இசை விமரிசகர்கள் கையாளும் சொல்லும் இந்தத் தேம்பர்தான்.

காதுக்கு இந்தப் பெயரைக் கொண்டுவந்தவர் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் கேப்ரியல் ஃபலோப்பியோ. 1561-ல் வெளியான தம் நூலில், நடுச்செவியின் அமைப்பு போர்ப்பறையை ஒத்திருக்கக் கண்டு டிம்பனும் என்று பெயரிட்டார். ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் குறுக்களவும் 0.1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள சவ்வு. அதன் பின்னே காற்று நிறைந்த சிறு அறை. சவ்வு அதிர்ந்தால் அந்த அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகள் உள்ளே கடத்துகின்றன. ஆனால் ஒன்று கவனியுங்கள். பறையை யாரோ அடிக்க, ஒலி வெளியே போகிறது. காதிலோ ஒலி வந்து அடிக்கிறது, பறை கேட்டுக்கொள்கிறது. உவமை தலைகீழாக நிற்கிறது. இருந்தாலும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துவிட்டது.

மருத்துவத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னும் பழைய வேலை ஒன்று உண்டு. பண்டைய கிரேக்க மருத்துவர்கள் வயிறு வீங்கும் நோய்களை வகைப்படுத்தும்போது, நீர் கோத்த வீக்கம் ஒன்று, காற்றடைத்த வீக்கம் இன்னொன்று என்று பிரித்தார்கள். இரண்டாவதற்கு 'டிம்பனைட்டிஸ்' என்று பெயர் வைத்தார்கள். தட்டினால் கொட்டு போல ஒலிக்கும் என்பதே காரணம். கால்நடை மருத்துவர்கள் இன்றும் மாட்டின் வயிற்று உப்புசத்தை 'டிம்பனி' என்றே எழுதுகிறார்கள். 16, 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் தற்பெருமையால் உப்பிப்போனவனுக்கும் இந்த நோயின் பெயரைச் சூட்டினார்கள். நாம் 'தம்பட்டம் அடிக்கிறான்' என்கிறோம். இரண்டு மொழிக்காரர்களும் பீற்றலைப் பறையோடு சேர்த்தே பார்த்திருக்கிறார்கள்.

தட்டிப் பார்ப்பதை ஒரு முறையான கலையாக்கியவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். லியோபோல்ட் ஆவன்ப்ருக்கர் 1722-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பிறந்தவர். தந்தை விடுதி நடத்தியவர். மதுப் பீப்பாயில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று வெளியே தட்டிப் பார்த்தே அறியும் வழக்கத்தைச் சிறுவயதில் கண்டதுதான் பின்னாளில் உதவியது என்று சொல்வதுண்டு. பலாப்பழத்தையும் மண்பானையையும் தட்டிப் பார்த்து வாங்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வியன்னாவின் ஸ்பானிஷ் மருத்துவமனையில் பணியாற்றிய ஆவன்ப்ருக்கர், நோயாளிகளின் மார்பை விரல்நுனிகளைக் கூட்டித் தட்டிக் கேட்டார். ஏழாண்டு ஆராய்ந்து 1761-ல் லத்தீனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆரோக்கியமான மார்பைத் தட்டினால் தடித்த கம்பளித் துணி போர்த்திய கொட்டின் ஒலி கேட்கும் என்பது அந்த நூலில் அவர் தரும் அளவுகோல். நோய் கண்ட இடத்தில் ஒலி உயர்ந்தோ மழுங்கியோ போகும். சில இடங்களில் சதையைத் தட்டியது போலவே இருக்கும்.

அக்காலத்து மருத்துவ உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1808-ல் நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் பிரெஞ்சில் மொழிபெயர்த்து விளக்கம் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மறு ஆண்டு, 1809-ல் ஆவன்ப்ருக்கர் காலமானார். மனிதர் இசை அறிந்தவர். சாலியேரியின் ஓர் ஓபராவுக்கு நாடகப் பிரதி எழுதியவர். கொட்டை அளவுகோலாக வைத்ததில் வியப்பில்லை. பின்னர் வியன்னாவில் யோசெஃப் ஸ்கோடா என்ற மருத்துவர் 1839-ல் எழுதிய நூலில் தட்டொலிகளை வகை பிரித்தார். தெளிவு-மந்தம், உயர்வு-தாழ்வு என்பன போன்ற இணைகளில் 'டிம்பனிட்டிக் – டிம்பனிட்டிக் அல்லாதது' என்பதும் ஒன்று. அந்தப் பாகுபாட்டை ஒட்டித்தான் இன்றும் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

பிள்ளைகளோடு வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இடக்கை நடுவிரலைத் தொடை மீது அழுத்தி வைத்து, வலக்கை நடுவிரல் நுனியால் அதன்மேல் தட்டுங்கள். 'தொப்'பென்று செத்த ஒலி, அது மந்தம். அதே விரலை மார்பின் மேற்பகுதியில், வலப்புறம் வைத்துத் தட்டுங்கள். துணி போர்த்திய கொட்டு. இப்போது கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு விரலால் சுண்டுங்கள். அதுதான் டிம்பனிட்டிக். இடப்பக்க விலா எலும்புகளின் கீழ் ஓரத்தில், இரைப்பைக் காற்று இருக்குமிடத்திலும் அது கேட்கும். கேட்க வேண்டாத இடத்தில் கேட்டால்தான் மருத்துவர் புருவம் சுருக்குவார். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிட்டால் மார்பிலேயே வெறும் கொட்டொலி எழும். நீர் கோத்தாலோ கல்லைத் தட்டியது போல இருக்கும். ஸ்கேன் எடுக்க வழியில்லாத இடத்தில் இந்த ஒலி வேறுபாடு உயிர் காக்கக்கூடியது.

இனி தம்பட்டத்துக்கு வருவோம்.

தம்பட்டம், டிம்பனான். சொல்லிப் பார்த்தால் காதுக்கு ஒன்றாகத்தான் படுகிறது. பேச்சாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாய்மொழிப் பற்று பேச வைக்கிறது. ஆனால் மாணவியிடம் 'எழுதாதே' என்றுதான் சொன்னேன். காரணம் இதுதான். கொட்டுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். தமிழில் தப்பு, தவில், துடி, தடாரி, தண்ணுமை, திமிலை, தமுக்கு, தம்பட்டம், டமாரம். வடமொழியில் துந்துபி, டமரு. இந்தியில் டோல், டோலக், டஃப். அரபியில் தப்ல், தஃப். எபிரேயத்தில் தோஃப். ஆங்கிலத்தில் டிரம், டேபர். எல்லாம் த-வும் ட-வும்! இவர்கள் எல்லோரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கினார்கள் என்றால், உலகமே ஒரே கொட்டைத்தான் அடித்திருக்க வேண்டும். சில சொற்கள் உண்மையிலேயே கைமாறியவைதாம். ஆனால் பெரும் காரணம் தோல்தான். இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் அது த-என்றும் தி-என்றும்தான் பேசுகிறது. கேட்ட மனிதர்கள் அப்படியே திருப்பிச் சொன்னார்கள். முரசு, பறை, மத்தளம், உடுக்கை போன்றவை அந்த வரிசையில் சேராதவை.

ஒரு சொல் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போனது என்று சொல்ல, ஒலி ஒத்தால் மட்டும் போதாது. எப்போது, யார் வாயிலாக, எந்தச் சரக்கோடு போனது என்று காட்ட வேண்டும். கட்டுமரம் அப்படிப் போயிற்று. 1697-ல் அச்சான டாம்பியர் என்ற கடலோடியின் பயண நூலில் அது இருக்கிறது. சுருட்டு போயிற்று. மிளகுத்தண்ணீர் போயிற்று. இவற்றை எந்த ஆங்கில அகராதியும் மறுப்பதில்லை. டிம்பனானுக்கோ சொந்த ஊரிலேயே டிபோஸ், டிப்டெய்ன் என்று உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். சான்று இல்லாத ஒன்றை நம் பிள்ளை வகுப்பில் சொல்லி ஆசிரியர் சிரித்துவிட்டால், மறுநாள் கட்டுமரத்தைச் சொல்லவும் அவளுக்குக் கூச்சம் வந்துவிடும். எனக்கு இருக்கும் பயம் அதுதான். மெய்யான சொத்து நமக்கு நிறைய உண்டு. அடுத்த வீட்டுப் பாத்திரத்தில் நம் பெயரை வெட்ட வேண்டியதில்லை.

அந்தப் பேச்சாளருக்கு நான் இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களில், பறையோடு சேர்ந்த சொல் ஒன்று உண்மையாகவே உண்டு. மேடையில் அதை யாரும் சொல்வதில்லை. அது 'பரையா'. 1600-களின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் புகுந்துவிட்டது. பறை முழக்கியவர்களின் பெயராகத் தமிழ்நாட்டில் வழங்கிய சொல். நாம் அவர்களை ஊருக்கு வெளியே வைத்திருந்ததைப் பார்த்த ஐரோப்பியர்கள், 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் அதை எடுத்துக்கொண்டார்கள். இன்றும் ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு நாட்டை மற்ற நாடுகள் விலக்கி வைத்தால் இந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். நம் அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு 1950-லேயே தீண்டாமையை ஒழித்துவிட்டது. சொல் மட்டும் உலகெங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தம்பட்டம் கிரேக்கத்துக்குப் போனதா என்று தேடும் ஆர்வத்தில் பாதியாவது இந்தச் சொல்லின் மீது இருக்க வேண்டாமா?

பறை அப்படி ஒதுக்கத்தக்க சொல்லாகப் பிறக்கவில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் வைக்கிறது. மலைக்கும் காட்டுக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் தனித்தனிப் பறை. இன்னும் ஒன்று: 'பறைதல்' என்றால் பழந்தமிழில் சொல்லுதல். நம்பாதவர்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மலையாளியைக் கேளுங்கள்; அவர் நாள்தோறும் 'பறஞ்ஞு' கொண்டுதான் இருக்கிறார். கிரேக்கனின் கொட்டு 'அடிப்பது' என்ற வேரில் நிற்கிறது. நம்முடையதோ 'சொல்வது' என்பதோடு ஒட்டி நிற்கிறது. 'பறைசாற்றுதல்' என்ற சொல் அதனால்தான் இன்னும் பொருந்துகிறது. சொத்தை ஜப்தி செய்தால் அங்கே பறையடித்து அறிவிக்கலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில்கூட இருக்கிறது. ஊர்களில் தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம் என்று 2022-ல் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒலிபெருக்கி வந்த பிறகும் தெருத்தெருவாகப் பறையடிக்கும் வேலை யார் தலையில் விழுந்து வந்தது என்பதை எண்ணினால் காரணம் புரியும். அதே பறை இப்போது மேடைகளில், ஆண்களும் பெண்களுமாகத் தலைநிமிர்ந்து முழக்கும் கலையாகவும் இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகு, காதின் டிம்பானிக் மெம்பரேனுக்குத் தமிழ்ப் பாடநூல்கள் வைத்திருக்கும் பெயரைக் கவனியுங்கள்: செவிப்பறை. பிறந்த தமிழர் அனைவரும், எந்தத் தெருவில் பிறந்திருந்தாலும், இரண்டு பறைகளோடுதான் பிறக்கிறோம். பெயர் வைத்தவர் யாரோ, நல்ல மனம் படைத்தவர்.

ஆகவே மொழிபெயர்ப்புக்கு ஒரே சொல்லைத் தேடாதீர்கள். காதைச் சார்ந்து வந்தால் டிம்பானிக் என்பது 'செவிப்பறை' என்பதோடு சேர்ந்து வரட்டும்: செவிப்பறைச் சவ்வு, செவிப்பறை அறை. சீட்டில் 'இன்டாக்ட்' என்றிருந்தால் செவிப்பறை கிழியாமல் முழுதாக இருக்கிறது என்று பொருள். 'பெர்ஃபரேட்டட்' என்றிருந்தால் துளை விழுந்திருக்கிறது. காதுக்குள் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் விடச் சொல்லும் பாட்டி வைத்தியத்தை அப்போதாவது ஒத்திப்போடுங்கள். 'டிம்பனோமெட்ரி' என்பது காதில் மெல்லக் காற்றழுத்தம் கொடுத்துச் செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்க்கும் சோதனை. வலிக்காது. சளி பிடித்த குழந்தைகளுக்குப் பறையின் பின்னே நீர் தேங்கி அசைவு குறைந்திருக்கும். வகுப்பில் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை அடம் என்று திட்டுவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

டிம்பனிட்டிக் என்ற ஒலிக்கு 'பறையொலி போன்ற' என்று அகராதியில் எழுதலாம், தவறில்லை. ஆனால் நம் வீடுகளில் அதைவிட நல்ல சொல் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் பெயரடை தேவைப்படும் இடத்தில் தமிழ் ஒலியையே எடுத்து வைத்துவிடுகிறது. பால் குடித்துவிட்டு அழும் குழந்தையின் வயிற்றை இரண்டு விரலால் தட்டிப் பார்த்து, நம் பெரியவர்கள் எப்போதும் சொல்வதுதான்: "வயிறு திம்முன்னு இருக்கு. தோள்ல போட்டுத் தட்டு, ஏப்பம் விட்டா சரியாப் போயிடும்."